வரிசை முக்கியம்

பொறியியல் சேர்க்கையில் பெற்றோர் கல்லூரியைவிட கம்ப்யூட்டர் சயின்ஸைத்தான் தேடுகிறார்கள் என்று உங்கள் கட்டுரை சொல்வது சரிதான். சேலம் ஐந்து ரோட்டில் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள், எங்கும் வேலைவாய்ப்புப் பெருமைதான். எத்தனை பேருக்கு, என்ன சம்பளம் என்பது மட்டும் இருக்காது.

ஆனால் பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலின் வரிசைதான் எல்லாம். மேலிருந்து பார்த்து, நம் ரேங்குக்குக் கிடைக்கிற முதல் இடத்தைத்தான் ஒதுக்குவார்கள். நிஜமாகவே பிடித்த சேலம் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியைப் பத்தாவதாகப் போட்டுவிட்டு அப்புறம் புலம்பிப் பயனில்லை. பட்டியல் போடும் வேலையையும் பெற்றோர் பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்!

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. தினமும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஏற முடியுமா, ஹாஸ்டலா? அரசுப் பள்ளி மாணவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதைக் கட்டுரையில் ஏன் எழுதவில்லை?