அவனைத் தனியா அனுப்பியிருக்கக் கூடாது

அந்த வீடியோவை இதுக்குள்ள எல்லாரும் பாத்திருப்பீங்க. வடவாத்துக் கரையில சாஞ்சு கிடக்குற நெல்லு லாரி, தண்ணியில மிதக்குற சாக்கு, கேமராவுக்குப் பின்னாடி எவனோ சிரிக்கிற சத்தம். பாக்காதவங்க தேட வேணாம். மூணு நாளா நானும் வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். நேத்து ராத்திரி அந்த லாரிக் கம்பெனியில பொறுப்புல இருக்குற நம்ம நண்பர் (அவரும் இதைப் படிப்பாரு, படிக்கட்டும்) "12 நாள் முழுமையான பயிற்சி கொடுத்துதான் அனுப்பினோம், கவனக்குறைவு டிரைவருடையது"ன்னு போட்டிருந்ததைப் பாத்ததும் சோறு இறங்கல.

முழுமையான. 12 நாள்ல. எங்க ஊர்ல தென்னமட்டை பின்னக் கத்துக்கவே அதைவிட நாளாகும் சார்.

நடந்தது என்னன்னு ஓட்டுறவனுக்குத் தெரியும். ஐப்பசி மழை, குறுவை நெல்லு. 400 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோன்னா 16 டன். எதிர்ல அறுவடை மெஷின் வருது. லாரியை ஓட்டுன பையன் மரியாதையா இடது பக்கம் ஒதுங்குறான். அவ்வளவுதான் அவன் செஞ்ச குத்தம். இடது பின்சக்கரம் தாரை விட்டு இறங்குச்சு, மண்ணு உள்ள வாங்குச்சு, மேல இருக்குற லோடு அந்தப் பக்கம் சாஞ்சுது. அதுக்கப்புறம் ஸ்டியரிங்கை எவன் பிடிச்சாலும் ஒண்ணுதான். நம்ம ஊர் மண்ணு களி. காஞ்சா சிமெண்டு, நனைஞ்சா அல்வா. இதை எந்த வகுப்புல, எத்தனாவது நாள் சொல்லிக் கொடுத்தீங்க?

அவனைத் தனியா அனுப்பியிருக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான்.

நான் 1996ல கிளீனரா ஏறினவன். எங்க டிரைவரண்ணன் நீடாமங்கலத்துக்காரர், இப்ப இல்ல. மொத ஒரு வருஷம் ஸ்டியரிங் பக்கம் கையைக் கொண்டுபோக விடல. கண்ணாடி துடைக்கணும், டயரைத் தட்டிச் சத்தம் கேக்கணும், தார்ப்பாய் இழுத்துக் கட்டணும், வண்டி நின்னதும் குதிச்சுக் கட்டை போடணும். இப்படி ஒரு ஆத்தங்கரை ரோட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டியை நிறுத்திட்டு, "செருப்பைக் கழட்டிட்டு எறங்குடா"ன்னாரு. தூறல் போட்டுக்கிட்டு இருக்கு. டார்ச்சைக் கையில கொடுத்து, "ஓரத்து மண்ணைக் குதிகாலால மிதிச்சுப் பாரு. என்னா தெரியுது?" மிதிச்சேன். குதிகால் போன குழியில சுத்தியும் தண்ணி ஊறி வந்துச்சு. "தண்ணி வருதுண்ணே." "அங்க டயர் போனா நம்மளும் போனோம். எதிர்ல கலெக்டரே வந்தாலும் தாரை விட்டு எறங்காத. நின்னுடு. அவன் பின்னாடி போகட்டும்." இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, இன்னமும் அந்த ஈரம் குதிகால்ல இருக்கு. அந்தப் பாடத்தை அந்தப் பையனுக்கு எவன் சொன்னான்?

கிளீனர் சம்பளம் மிச்சம்னு கிளீனரை எடுத்தீங்க. அப்ப அந்தப் பள்ளிக்கூடமும் சேந்து போச்சு. அந்தக் கணக்கை எந்த லெட்ஜர்ல எழுதுவீங்க?

"அவன்கிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கே, அரசாங்கமே கொடுத்திருக்கே"ம்பீங்க. இருக்கு. 20 வயசு ஆகி, கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் முடிஞ்சா ஹெவிக்கு எல்எல்ஆர் போடலாம். டிரைவிங் ஸ்கூலுக்கான ரூல்ல இருக்கிறது குறைஞ்சது 30 நாள், அதுல வண்டி ஓட்டுற நேரம் 15 மணி. 2021ல கொண்டுவந்த அங்கீகாரம் பெற்ற டிரைவர் பயிற்சி மையங்களுக்கு ஆறு வாரம், 38 மணி நேரம். அரசாங்கமே ஆறு வாரம்னு சொல்லுது, உங்களுக்கு 12 நாள் போதும். அதுவும் எப்படி? ஷெட்டு மைதானத்துல காலி வண்டியில எட்டு போட வச்சு, சிமுலேட்டர்ல உக்கார வச்சு, குரூப் போட்டோ எடுத்து, சர்ட்டிபிகேட் கையில கொடுத்து. காலி வண்டி ஓட்டுறதும் லோடு வண்டி ஓட்டுறதும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க, குடத்தைத் தலையில வச்சுக்கிட்டு ஒருதடவை வாய்க்கா வரப்புல நடந்து பாருங்க. வெறுங்குடம் இல்ல, தண்ணிக் குடம்.

இன்னொண்ணு. நாம டெல்டாக்காரங்க. நமக்கு மேடுன்னா ரயில்வே மேம்பாலம், அவ்வளவுதான். இந்தக் கம்பெனியில இதே 12 நாள் முடிச்ச பசங்களை மொத மாசமே பெங்களூருக்கு அனுப்புறாங்க. வரும்போது தொப்பூர் கணவாய் இறங்கணும். சேலம் பக்கம் ஓடுற எவனையும் கேளுங்க, அந்த இறக்கத்துல எத்தனை வண்டி போயிருக்குன்னு. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு இறங்குனா டிரம்மு சூடாகும், ஏர் இறங்கும், ஒரு கட்டத்துல மிதிச்சாலும் பிடிக்காது. எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்ல இறங்குன்னு எங்க டிரைவரண்ணன் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரு. இப்ப டீசல் மிச்சம் பிடிச்சா போனஸ்ங்கிறீங்க. பையன் என்ன பண்ணுவான்? இறக்கத்துல கியரை எடுத்துட்டு நியூட்ரல்ல விடுவான். விட்டுட்டுப் போய்ச் சேந்தா போனஸ், சேரலைன்னா கவனக்குறைவு.

"நீங்க நாலு வருஷம் அடிமையாக் கிடந்தீங்கங்கிறதுக்காக இந்தக் காலத்துப் பசங்களும் கிடக்கணுமா?" இதை எழுதப்போற தம்பி யாருன்னுகூட எனக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். எங்கண்ணன் என்னை ஜாக்கி ராடால அடிச்சிருக்காரு. மொத வருஷம் சம்பளம்னு ஒண்ணு கிடையாது, ரெண்டு வேளைச் சோறு, தீபாவளிக்குச் சட்டை. அது திரும்ப வரணும்னு நான் சொல்லல. அடி வேணாம்யா, ஆள் வேணும். பழைய டிரைவர் ஒருத்தர் பக்கத்து சீட்டுல ஆறு மாசம் உக்காரட்டும், சம்பளத்தோட. இதுக்கு இவ்வளவு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க.

"பழைய டிரைவருங்க மட்டும் கவுக்கலையா?" கவுக்குறான். தூக்கம் கெட்டுக் கவுக்குறான், குடிச்சிட்டுக் கவுக்குறான். அது வேற பதிவு, இங்க கொண்டாராதீங்க.

"டிரைவரே கிடைக்கலண்ணே, இருக்கிறவனை வச்சுதானே ஓட்டணும்?" இதைக் கேக்கும்போதுதான் எனக்கு வயிறு எரியுது. ஏன் கிடைக்கல? எட்டு மணி நேர வேலைன்னு 1961லேயே சட்டம் போட்டாச்சு. எந்த லாரியில நடக்குது? லோடு ஏத்த ரெண்டு நாள் கொள்முதல் நிலையத்து வாசல்ல காத்துக் கிடப்போம். குளிக்க இடம் இல்ல, கக்கூஸ் இல்ல, வாட்ச்மேன்கூட வாடா போடாதான். இப்ப புது வண்டிக்குக் கேபின்ல ஏசி கட்டாயம்னு ஆக்கியிருக்காங்க, சந்தோஷம். பொண்ணு கேட்டுப் போனா "மாப்ள லாரி ஓட்டுறாரா"ன்னு காப்பியோட அனுப்பிடுறாங்க, அதுக்கு ஏசி என்ன பண்ணும்? என் மவன் பத்தாவது படிக்கும்போது வண்டியில ஏறி ஸ்டியரிங்கைப் பிடிச்சு உக்காந்தான். கன்னத்துல ஒண்ணு விட்டேன். எங்கண்ணன் ராடால அடிச்சது கத்துக்கணும்னு. நான் அடிச்சது கத்துக்கக் கூடாதுன்னு. அவன் இப்ப திருப்பூர்ல கம்ப்யூட்டர் வேலை. என்கிட்ட அவ்வளவாப் பேச மாட்டான்.

சரி, எங்கேயோ போயிட்டேன்.

நேத்து அந்தப் பையனைப் பாக்கப் போனேன். தோள்பட்டை எலும்பு முறிஞ்சு கட்டு போட்டுக் கிடக்கான். இருபத்திரெண்டு வயசு, மீசை இன்னும் சரியா வரல. அவங்கம்மா ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நனைஞ்ச நெல்லுக்குப் பணம் யாரு கட்டுறதுன்னு கம்பெனியிலேருந்து ரெண்டு தடவை போன் வந்திருக்கு. உடம்பு எப்படின்னு கேட்டு ஒருதடவைகூட வரல. அவன் என்னைப் பாத்ததும் எழுந்து உக்காரப் பாத்தான். மொதக் கேள்வியே, "அண்ணே, நான் எந்தக் கியர்ல இருந்திருக்கணும்?"

"கியரெல்லாம் இல்லடா. நின்னிருக்கணும்"னேன்.

கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தான். "பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாண்ணே. நிக்கலாம்னு தெரியாது"ன்னான்.

இன்னிக்கு ராத்திரி மன்னார்குடியிலேருந்து எனக்கு லோடு. திட்டுறவங்க கமெண்ட்ல திட்டி வைங்க, நாளன்னிக்கு வந்து பாக்குறேன். அந்த வீடியோவை வச்சிருக்கிறவங்க மட்டும் தயவு பண்ணி அழிச்சிடுங்க, அவங்கம்மாகிட்டயும் போன் இருக்கு.