பெயர் ஒட்டுகிறவன் எழுதுவது

அந்தக் காணொளித் துண்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்று இரவு மட்டும் எனக்குப் பதினோரு பேர் அனுப்பினார்கள், அதில் நான்கு பேர் சிரிப்புக் குறியோடு. வெப்பமண்டலத் தாவர வகைப்பாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசி முடித்தவரிடம், மேடையில் இருந்த பெரியவர் கேட்கிறார்: "செடிக்குப் பெயர் ஒட்டுவதெல்லாம் ஆராய்ச்சியா?" அரங்கம் சிரிக்கிறது. பேசியவரும் மரியாதைக்காகச் சிரித்து வைக்கிறார். பேசியது நான் இல்லை. ஆனால் அந்த மரியாதைச் சிரிப்பை நானும் இருபது வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, பெயர் ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று பார்ப்போம்.

1973-இல் பெரு நாட்டின் மனு காட்டில் தாவரவியலாளர் ராபின் ஃபாஸ்டர் ஒரு சிறு மரத்தைப் பார்த்தார். காகித விளக்கு மாதிரி ஆரஞ்சு நிறப் பழம். மாதிரி எடுத்தார், உலர்த்தினார், வல்லுநர்களிடம் காட்டினார். என்ன இனம் என்பது இருக்கட்டும், எந்தக் குடும்பம் என்றே ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு பெயர் அச்சில் வந்தது 2021-இல். ஏனிக்மனு, அதாவது மனுவின் புதிர். நாற்பத்தெட்டு வருடம். பசை காய அவ்வளவு நேரம் ஆகியிருக்கும் போல.

இது விதிவிலக்கு என்று ஒதுக்க வேண்டாம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, புதிய பூக்கும் தாவரங்களில் முதல் மாதிரி எடுத்த ஐந்து வருடத்துக்குள் பெயர் பெற்றவை 16 சதவீதம்தான். ஏறக்குறைய கால்வாசி, ஐம்பது வருடத்துக்கும் மேல் ஹெர்பேரியம், அதாவது உலர்ந்த தாவர மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தின் அலமாரியிலேயே கிடந்தவை. கண்டுபிடிப்பு என்றதும் எல்லோருக்கும் காடு நினைவுக்கு வருகிறது. அலமாரி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அந்த அலமாரியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றால், அந்த இடத்துக்கு இன்னொருவரைப் போடுவதும் இல்லை.

உடனே ஒருவர் வருவார்: "கைபேசியில் படம் எடுத்தால் செயலியே பெயர் சொல்லிவிடுமே?" சொல்லும் ஐயா. தொட்டியில் பூத்திருக்கும் செடிக்குச் சொல்லும். நாற்பது மீட்டர் உயரத்தில் இலை, பூ எப்போது என்று தெரியாது, கைக்கு எட்டுவது அடிமரத்துப் பட்டை மட்டும் என்றால் என்ன சொல்லும்? அப்புறம், அந்தச் செயலிக்குப் பெயர்களை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாங்கள் ஒட்டியவைதான். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்ட், எடின்பரோ ஆய்வாளர்கள் வெப்பமண்டல மாதிரிகளைக் கிளறிப் பார்த்து, உலகின் தொகுப்புகளில் பாதிக்கு மேல் தவறான பெயரோடு இருக்கலாம் என்று எழுதினார்கள். ஒரே மரத்திலிருந்து எடுத்த கிளைகள்கூட வெவ்வேறு ஹெர்பேரியத்தில் வெவ்வேறு பெயரோடு இருந்தன. தவறைப் படித்த இயந்திரம் அதே தவறை வேகமாகச் சொல்லும், அவ்வளவுதான்.

அந்தத் தவறுகளில் ஒன்று என்னுடையது. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நடந்தது. பூ, காய் எதுவும் இல்லாத ஒரு கிளை. எதிரெதிர் இலை, தோல் மாதிரித் தடிப்பு. இரவு பதினொரு மணி, கிளை ஒட்டிய தாள்கள் இன்னும் அறுபது பாக்கி. நாவல் மரப் பேரினம், அதாவது நாவலும் அதற்கு நெருங்கிய இனங்களும் சேர்ந்த கூட்டம், என்று பென்சிலால் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன். நாவல் என்றால் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். பிடித்துப் பார்க்க ஐந்து நொடி போதும். நான் பார்க்கவில்லை. அது காயா மரம். குடும்பமே வேறு. இரண்டு வருடம் கழித்து அந்தக் காட்டின் மரப் பட்டியலைக் கையாண்ட வேறொரு குழு, மரக்கட்டையின் அடர்த்தியிலிருந்து கார்பன் கணக்குவரை என் பென்சில் எழுத்தை நம்பிப் போட்டிருந்தது. காயா மரம் நாவலைவிடக் கெட்டி, அதனால் கணக்கே தப்பு. ஐந்து நொடிச் சோம்பலுக்குக் கிடைத்த பரிசு. திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பெயர்தானே, போகட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

"டிஎன்ஏ இருக்கிறதே" என்பது அடுத்தது. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஏனிக்மனுவின் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்ததே டிஎன்ஏதான். தாமரைக்கும் அல்லிக்கும் உறவில்லை, தேக்கு துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பவற்றையெல்லாம் நம்ப வைத்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் 2009-இல் தாவரங்களை அடையாளம் காணவென்று தேர்ந்தெடுத்த இரண்டு மரபணுத் துண்டுகளும் சேர்ந்தே இனங்களைப் பிரித்துக் காட்டியது 72 சதவீதம். மீதிக்கு? கிடைத்த டிஎன்ஏ வரிசையை எதோடு ஒப்பிடுவீர்கள்? யாரோ ஒருவர் சரியாகப் பெயர் எழுதிய உலர்ந்த கிளையோடு. மறுபடியும் பெயர் ஒட்டுகிறவனிடம்தான் வந்து நிற்கிறீர்கள்.

"நீங்கள்தான் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்களே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. மாற்றுகிறோம். தவறு தெரிந்தால் மாற்றத்தானே வேண்டும்? அகேசியா என்ற பெயர் எந்த மரங்களுக்கு என்ற சண்டையைக் கிளப்பாதீர்கள், எனக்கே அதில் சலிப்பு.

போர்னியோ தீவின் லாம்பிர் காட்டில் 52 ஹெக்டேருக்குள் 1,100-க்கும் மேற்பட்ட மர இனங்கள். வட அரைக்கோளத்தின் மிதவெப்ப மண்டலம் முழுவதையும் கூட்டினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அந்த 52 ஹெக்டேரில் எது எது என்று யாராவது ஒருவர் இலையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லாமல், பல்லுயிர் என்ற சொல்லுக்கே என்ன பொருள்? பெயர் தெரியாத மரத்தை அழிந்துவரும் பட்டியலில் சேர்ப்பதுகூடக் கடினம். வெட்டினால் கணக்கிலும் வராது. இதைத்தான் அந்த மேடையில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தாவரவியலாளர் அல்வின் ஜென்ட்ரியை நினைத்துக்கொண்டேன். 1980-களில் பெருவில் ஒரு ஹெக்டேரில் சுமார் 300 மர இனங்களை எண்ணிக் காட்டிய மனிதர். பூவுக்குக் காத்திருக்க மாட்டார். இலையைக் கசக்கி முகர்ந்து, பட்டையைக் கீறிப் பார்த்தே குடும்பத்தைச் சொல்வார். 1993 ஆகஸ்டில் ஈக்வடாரில் காட்டை மேலிருந்து பார்க்கப் போன சிறு விமானம் மலையில் மோதி இறந்தார். அவர் மூக்கில் இருந்த அறிவில் எவ்வளவு எழுத்துக்கு வந்திருக்கும்? அதற்கு எந்தக் குழு நிதி கொடுக்கும்? என் கடைசி விண்ணப்பம் திரும்பி வந்தபோது எழுதியிருந்த குறிப்பு மூன்றே சொல்: "புதுமை எதுவும் இல்லை." அதில் ஒரு புதிய பேரினம் இருந்தது. கடைசிப் பக்கம்வரை படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நண்பர் ஒருவர் இப்போதே தனிச்செய்தியில் சொல்லிவிட்டார். ஆமாம்.

வழக்கம்போல இந்தப் பதிவுக்குக் கீழே யாராவது ஒரு செடியின் படத்தைப் போட்டு "இது என்ன சார்" என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். இலையின் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். முடிந்தால் வெளிச்சத்தில் பிடித்து.