வளைபாதம் எண்ணெய் நீவலில் நேராகாது

பிறந்த குழந்தையின் பாதம் உள்ளே திரும்பியிருந்தால் தினமும் எண்ணெய் தேய்த்து நீவினால் போதும், நடக்கும் வயதில் தானே நேராகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தாது.

கருப்பையில் மடங்கிக் கிடந்ததால் சற்றே திரும்பிய, இளகிய பாதம் பெரும்பாலும் தானாகச் சரியாகும். வளைபாதம் வேறு. அதில் கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் குறுகி இறுகியிருக்கும்; உள்ளங்கால் உள்நோக்கித் திரும்பும்; குதிகாலுக்கு மேல் ஆழமான மடிப்பு விழுந்திருக்கும். ஆயிரம் பிறப்புகளில் ஏறக்குறைய 1 குழந்தைக்கு இப்படி அமைகிறது. நீவி விட்டு இதை நேராக்க முடியாது.

இதற்கான பொன்செட்டி முறையில் வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் 5, 6 கட்டுகளில் பாதம் திரும்பிவிடும். பலருக்குக் குதிநாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். பிறகு காலணிப் பட்டை, அதாவது இரண்டு காலணிகளை ஒரு தண்டால் இணைத்த சாதனம். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் 4 வயது வரையாவது தூங்கும்போது. என் அக்கா மகனுக்குப் பிறந்த பத்தாம் நாள் முதல் கட்டுப் போட்டார்கள். பட்டையைக் கழற்றச் சொல்லி அவன் அழுத இரவுகளில் அக்காவும் அழுதாள், ஆனால் கழற்றவில்லை.

சந்தேகமிருந்தால் குழந்தையின் உள்ளங்காலை விரலால் வருடிப் பாருங்கள். பாதம் நேரான நிலையைத் தாண்டி வெளிப்பக்கமும் மேலேயும் எளிதாக வருகிறதா? வரவில்லை என்றால் இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வந்தாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்டாலும் இதையே சொல்வார்கள். அவர்கள் பரிசோதிக்கும் பிறவிக் குறைபாடுகளில் வளைபாதமும் உண்டு.