இல்லாத பூனை

மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம். அளவை 150 மில்லிகிராமிலிருந்து 300க்கு ஏற்றியிருந்தார் டாக்டர். ஒரு சாயங்காலம் கதவோரமாக ஒரு பூனை ஓடியது. எங்கள் வீட்டில் பூனை கிடையாது. மறுநாளும் ஓடியது. அதற்கடுத்த நாள் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டில் நான் மட்டும்தான்.

11 நாள் யாரிடமும் வாயே திறக்கவில்லை. மனச்சோர்வு என்று சொன்னபோதே "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று ஆளாளுக்கு அறிவுரை. இதில் இல்லாத பூனை தெரிகிறது என்று வேறு சொன்னால்? "முத்திப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். டாக்டரிடம் சொல்லவும் அதே பயம்தான்.

கடைசியில் அக்காவிடம் உளற, அவள் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அதிரவே இல்லை. நான் போடும் புப்ரோபியான் மாத்திரையில் சிலருக்கு இப்படி வரும், அளவைக் குறைத்துப் பார்ப்போம் என்றார். ஒரு வாரத்தில் பூனை போய்விட்டது. (அழகான பூனை. கொஞ்சம் வருத்தம்கூட.)

அப்புறம்தான் கோபம் வந்தது. வாய் வறளும், தூக்கம் கெடும் என்றெல்லாம் சொன்னவர் இதை மட்டும் ஏன் விட்டார்? மாத்திரையோடு வரும் மடித்த தாளில் பொடி எழுத்தில் இருக்கிறதே! கேட்டேன். "சொன்னால் பாதிப் பேர் மாத்திரையே போட மாட்டாங்க" என்றார். அவர் கவலை புரிகிறது, ஆனால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சொல்லாமல் விட்டால் பயந்துபோய் நாமே நிறுத்திவிடுவோம். பராக்சடின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மண்டைக்குள் மின்சாரம் சுண்டுவது போன்ற உணர்வு எல்லாம் வரும். விட்ட நோயும் திரும்பலாம்.

இல்லாதது தெரிவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று என்றால் பரவாயில்லை. புப்ரோபியான், டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைக் கூட்டுகிறது. பழைய மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின், அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனத்தைத் தடுப்பதால் வயதானவர்களுக்குக் குழப்பம் வந்து இல்லாத ஆட்கள் தெரிவார்கள். செர்ட்ராலின் வகை மாத்திரைகளில், அதுவும் முதியவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் அப்படித்தான். இந்த வகை மாத்திரைகளோடு டிரமடால் என்ற வலி மாத்திரையோ, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தோ சேர்ந்தால் செரட்டோனின் என்ற ரசாயனம் எகிறலாம். காய்ச்சல், வியர்வை, நடுக்கம், படபடப்போடு ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கடுமையான மனச்சோர்விலேயே குரல் கேட்பதும் உண்டு. தூங்கப்போகும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்பதோ, நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் நடப்பதுதான். இதில் எது நம்முடையது என்று வீட்டில் உட்கார்ந்து நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?

போன மாதம் வேறு மாத்திரைக்கு மாற்றினார். சீட்டை நீட்டும்போது அவராகவே, "இல்லாதது ஏதாவது தெரிஞ்சா, கேட்டா, நீங்களா நிறுத்தாம எனக்குப் போன் பண்ணுங்க" என்றார். சொல்லி முடிக்க 5 விநாடிகூட ஆகவில்லை.