கோட்டுக்கு வெளியே ஒரு குரல்

நேற்று பள்ளி மாணவர்களின் கால்பந்துப் போட்டியில் துணை நடுவராகக் கோட்டோரம் கொடி பிடித்து நின்றேன். பதினான்கு வயதுப் பிள்ளைகளின் ஆட்டம். முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு பயிற்சியாளர், "கண் தெரியவில்லையா சார்?" என்று ஆரம்பித்துவிட்டார். ஆஃப்சைடு (சக வீரர் பந்தைத் தரும்போது எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி நிற்கும் தவறு) கொடுத்தாலும் கத்தல், கொடுக்காவிட்டாலும் கத்தல். அவருக்கென்று சுண்ணாம்புக் கோடு போட்டு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம்; அதைத் தாண்டி வந்து என் ஓட்டப் பாதையில் நிற்கிறார். அவரைச் சுற்றி வளைந்து ஓடிய அந்த ஒரு நொடியில், கடைசித் தடுப்பாட்டக்காரன் எங்கே நின்றான் என்பதைத் தவறவிட்டேன். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

2019 முதல் பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்று விதி இருக்கிறது. பெஞ்சிலிருந்து கத்தியவர் யாரென்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளருக்கே அட்டை. அருமையான விதி. ஆனால் அட்டையை எடுக்க நம் நடுவர்களுக்குக் கை வருவதில்லை. "விடுங்கள், வயதில் பெரியவர், ஆட்டம் முடியட்டும்" என்று என்னைத்தான் சமாதானப்படுத்துகிறார்கள். முதல் கத்தலுக்கே அருகில் போய் நிதானமாக ஓர் எச்சரிக்கை, அடுத்ததற்கு மஞ்சள். இதைச் செய்தாலே பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள்!

எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. இடைவேளைக்குப் பிறகு அந்த அணிச் சிறுவன் ஒருவன், ஒரு சாதாரண த்ரோ-இன்னுக்கு, தன் பயிற்சியாளரைப் போலவே இரு கைகளையும் விரித்து, "கண் தெரியவில்லையா?" என்று என்னைக் கேட்டான்.