நம் கரையின் பாறைகளையும் காக்க வேண்டும்

திருகோணமலையின் நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகில் போய்த் திரும்புவோர் பவளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆழம் குறைந்த நீரில் உலவும் கருமுனைச் சுறாக்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் பாறையைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. அத்தீவின் பெயருக்குக் காரணமான மாடப்புறாக்கள் கூடுகட்டுவதே பாறை இடுக்குகளில்தான். 2003ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, பவளத்தோடு அந்தப் பாறையும் நம் பொறுப்பில் வந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

கடலோரப் பாறையில் இயல்பாகவே வெடிப்புகள் இருக்கும். அலை அந்த வெடிப்புகளுக்குள் நீரையும் காற்றையும் அழுத்தித் திணித்து அவற்றை அகலமாக்குகிறது. உப்பு ஊறிப் படிகமாகிப் பாறையின் மேற்பரப்பை உதிர்க்கிறது. அடிவாரத்தில் குகை உண்டாகி, அது மறுபக்கம் வரை துளைத்தால் வளைவாகி, வளைவின் கூரை இடிந்தால் கரையை விட்டுப் பிரிந்த தூணாக நிற்கிறது. அத்தூணும் ஒருநாள் விழும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் கரையில் 'பன்னிரு அப்போஸ்தலர்' எனப்படும் சுண்ணக்கல் தூண்களுள் ஒன்று 2005 யூலையில் இடிந்தது. மால்டாவின் கோசோத் தீவிலிருந்த 'நீலச் சாளரம்' என்ற கல்வளைவின் மேல் நடப்பதை முன்னரே தடைசெய்திருந்தார்கள். ஆயினும் 2017 மார்ச் 8ஆம் திகதி, புயல் வேளையில் அது கடலுக்குள் சரிந்தது.

அங்கே தடை விதித்தது வீண்வேலை என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதை ஏற்கவில்லை. கடல் தன் வேலையைச் செய்வதும், அதனால் ஒரு வளைவு விழுவதும் அந்நிலத்தின் இயல்பு. அதற்கு முட்டுக்கொடுத்துச் சீமெந்து பூசுவது பாதுகாப்பு ஆகாது. மனிதரால் வரும் சேதத்தைத் தடுப்பதே பாதுகாப்பு.

திருகோணமலையில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. நம் பாறைகள் சுண்ணக்கல் அல்ல. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய, கேம்பிரியம் என்ற தொன்மையான புவிக் காலத்துக்கும் முந்திய, மிகக் கடினமான பாறைகள். வாடைக் காலத்து அலை ஆண்டுதோறும் மோதியும் ஒரு மனித ஆயுளில் அவற்றில் பெரிய மாற்றத்தைக் காண்பது அரிது. ஆகவே இன்று நம் கண்முன்னே இவற்றைக் கெடுப்பது கடலன்று. பெயர் செதுக்கும் உளியும், நிறப்பூச்சும், இடுக்குகளில் எறியப்படும் பிளாஸ்டிக் போத்தல்களுமே.

திருக்கோணேசுவரக் கோயில் நிற்கும் கோணேசர் மலையில் இது என்னை மிகவும் வருத்துகிறது. இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் மலைப்பிளவான இராவணன் வெட்டை வணங்கிப் பார்க்கும் பக்தர் அதைப் புராணத்தின் சான்றாகக் காண்கிறார். புவியியல் படித்தவர் செங்குத்துப் பாறையில் விழுந்த பிளவாகக் காண்கிறார். இரு பார்வைக்கும் அங்கே இடமுண்டு, குப்பைக்கு இடமில்லை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோனதை நாம் இன்றும் வேதனையோடு சொல்கிறோம். அந்தக் கோயிலைத் தாங்கிய மலைக்கும் அதே மதிப்பைத் தர வேண்டாமா? அங்கே தடுப்பைத் தாண்டி விளிம்பில் நின்று படம் எடுப்பவர்கள் தங்கள் உயிரையும் பொருட்படுத்துவதில்லை.

புறாமலையில் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. ஒரே நேரத்தில் இறங்குவோரின் தொகைக்கு வரம்பு வேண்டும். புறாக்கள் கூடுகட்டும் இடுக்குகளுக்கு அருகே எவரும் ஏறக்கூடாது. பாறையில் எழுதுவதும் பவளத்தை உடைப்பதற்கு நிகரான குற்றம் என்பதை, அனுமதிச்சீட்டு வாங்கும் இடத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். வரம்பு வைத்தால் படகோட்டிகளின் வருமானம் குறையும் என்ற அச்சம் நியாயமானது. எனவே அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களும் அமர வேண்டும். எந்தப் பாறையில் எப்போது அலை ஏறும், எந்தப் பக்கம் புறாக்கள் அடையும் என்பதை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்களே. வனஜீவராசிகள் திணைக்களம் அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்பே அவர்களை அழைத்துப் பேச வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.