பி.எஸ்சி. கேட்டது யாரு?

ஆண்டுவிழா மேடையில சிறப்பு விருந்தினர் உதிர்த்த முத்தை எல்லாரும் கேட்டிருப்பீங்க. "டிகிரி முடிச்சவன்லாம் நெல் கொள்முதல் நிலையத்துல சாக்கு எண்ணுறான், முயற்சி பத்தல." அதுக்குக் கைதட்டல் வேற. அப்படிச் சாக்கு எண்ணுற பையன் ஒருத்தன், தங்கச்சி பரிசு வாங்குறதைப் பாக்க மூணாவது வரிசையில உக்காந்திருந்தான்.

ஐயா, அந்த வேலைக்கு பி.எஸ்சி. கேட்டது யாரு? நுகர்பொருள் வாணிபக் கழகத்துல பருவகாலப் பட்டியல் எழுத்தருக்கு, அதாவது பில் கிளர்க்குக்குத் தகுதியே அறிவியல் பட்டம்தான். உதவுபவருக்கு பிளஸ் டூ, காவலருக்கு எட்டாவது. பட்டம் இல்லாதவன் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. பட்டம் உள்ளவன் உக்காந்தா கேலி!

சாக்கு எண்ணுறதாம். ஈரப்பதம் 17 சதவீதம் வரைக்கும் நெல் எடுக்கலாம். 40 கிலோ மூட்டையா, அதாவது சிப்பமாப் பிடிச்சு, தைச்சு, அட்டியா அடுக்கணும். லாரி வர நாளானா நெல் காயும். 17ல எடுத்தது 15க்கு இறங்கினா சிப்பத்துக்கு ஏறக்குறைய 940 கிராம் குறையும். ஆயிரம் சிப்பம்னா 940 கிலோ! ஒரு மணி நெல்லை யாரும் திருடல, தண்ணிதான் ஆவியாப் போச்சு. ஆனா கிடங்குல எடை குறைஞ்சா எழுத்தர் தலையிலதான் விடியும். இந்தக் கணக்கு புரியத்தான் பி.எஸ்சி. கேட்டாங்க போல.

"குரூப் 4 எழுத வேண்டியதுதானே"ம்பீங்க. எழுதாமலா இருக்காங்க? 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதியில 60 வாங்கலன்னா மீதியைத் திருத்தவே மாட்டாங்க. பத்தாவது படிச்சா போதும்ங்கிற அந்தத் தேர்வுக்கு பி.இ.யும் எம்.எஸ்சி.யும் வந்து மோதுது. அங்கயும் முயற்சிதான் பத்தலையா?

"சென்னைக்குப் போகலாமே." போனாங்க. ரூம் வாடகை, மெஸ் போக வீட்டுக்கு என்ன அனுப்புறதுன்னு கணக்குப் போட்டுட்டுத் திரும்பினவங்களும் இருக்காங்க.

"டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா ஆக்கச் சொல்லி ஃபேக்டரியைத் தடுத்ததே நீங்கதானே"ன்னு ஒருத்தர் நிச்சயம் வருவார். 2020 சட்டத்தைப் படிச்சுட்டு வாங்க சார். அது தடுத்தது செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, எரிவாயுக் கிணறு மாதிரி ஆளுங்களை. அரிசி ஆலையையும் உணவு பதப்படுத்துறதையும் யாரு வேணாம்னா?

எல்லாத்தையும் விடுங்க. சம்பா கொள்முதல் முடிஞ்சா வேலையும் முடிஞ்சது, அதுக்குப் பேர்தான் பருவகாலம். பொண்ணு பாக்கப் போற வீட்டுல முதல் கேள்வியே "பர்மனென்ட்டா தம்பி?" "இல்லீங்க, சீசன்"னு சொன்னா காபியோட பேச்சு முடிஞ்சுடும். இதுக்கும் முயற்சி பத்தலன்னு சொல்றவங்க தாராளமா கமெண்ட்டுக்கு வாங்க. பி.எஸ்சி. ஏன் கேட்டாங்கங்கிறதுக்கு மட்டும் பதில் எடுத்துட்டு வாங்க.